முள்ளை நட்டது யார்

இன்று காலை கறிக்குச் சோம்பு வறுத்தேன். வாசம் எழுந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். எண்ணெய் எடுக்கும் செம்பனையின் ஆண் பூவுக்கும் இதே வாசம்தான். அசாம் ஜாவா ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உன் மகரந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம், "இங்க யாரு கறி தாளிக்கிறது?" என்று கேட்பேன். எத்தனை முறை கேட்டாலும் சிரிப்பாய். இப்போது அந்த வாசம் எனக்குப் பிடிக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஒன்றாகத் தாவரவியல் படித்தோம். நான் கோலசிலாங்கூர்ப் பள்ளியில் ஆசிரியையானேன். நீ தோட்டத்து வேலைக்குப் போனாய். பெண் பூக்களில் கையால் தூவுவதற்கான மகரந்தத்தை நீ காயவைத்துச் சலித்துக் கொடுத்தாய். பிறகு பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கும் வண்டுகளை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். தூவும் வேலையே இல்லாமல் போனது. "என் வேலையப் புடுங்கிக்கிச்சு, நல்லா இருக்கட்டும்" என்றாய். காலி அறையும் நுண்ணோக்கியும் உனக்கு மிஞ்சின.

ஒருநாள் நுண்ணோக்கியில் செம்பருத்தி மகரந்தத்தை வைத்து என்னைக் கூப்பிட்டாய். மஞ்சள் உருண்டை, மேலெல்லாம் சம இடைவெளியில் முட்கள்.

"இந்த முள்ள யாருடி நட்டா?"

"செடிதான்."

"நம்ம தோட்டத்துல கன்னு நடணும்னா கயிறு புடிக்கணும், கம்பு அடிக்கணும், வேலை வாங்குற மண்டோர் தொண்ட கிழியக் கத்தணும். இதுக்குள்ள எந்த மண்டோர் லா உக்காந்திருக்கான்?"

எண்ணெய்த் தன்மையுள்ளதும் நீரோடு சேர்வதுமான பொருள்கள் ஒன்றையொன்று தள்ளியும் இழுத்தும் தாமாகவே துளிகளாக, குச்சிகளாக, தேன்கூட்டு வரிசையாக அமைகின்றன. அந்த அமைப்பின் மேல் கெட்டிப்பொருள் படிந்து சுவராகிறது என்று எங்கோ படித்திருந்தாய். "சாமான் குடுக்குறது செடி. அடுக்கிக்கிறது அதுங்களாவே."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் வகுப்பில் எதுவும் தானாக வரிசையில் அமைந்து நான் பார்த்ததில்லை. "அப்படின்னா செடி இல்லாம செஞ்சு காட்டு" என்றேன்.

எண்ணெயும் பிசினும் இன்னும் ஏதேதோவும் கலந்து கண்ணாடித் தட்டில் காயவிட்டாய். "வந்துடுச்சிடி!" என்று பள்ளிக்கே போன் செய்தாய். பஸ் பிடித்து வந்து பார்த்தேன். உண்மையிலேயே சுவரோடு, மூன்று மூலை கொண்ட உருண்டைகள் இருந்தன. சன்னல் கட்டையை விரலால் துடைத்து, அந்தத் தூசியையும் வைத்துப் பார்த்தேன். அதே உருண்டைகள்! அறையெங்கும் தங்கியிருந்த செம்பனை மகரந்தம் தட்டிலும் விழுந்திருக்கிறது.

"சே, நான் பெத்த புள்ளன்னு நெனச்சேன். பாத்தா, நம்ம தோட்டத்து லயத்து வீட்டுப் பழைய ஆளுங்க!" நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

மகரந்தம் இல்லாத இடம் வேண்டும் என்று இரண்டாவது தட்டை என் சமையலறையில் வைத்து, கண்ணாடியால் மூடினாய். நான் மூடியருகே போனாலே குரல் வரும்: "தொடாத லா. அது பாட்டுக்கு வரட்டும்."

அது காய்வதற்குள் உன் நெஞ்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பள்ளி நுண்ணோக்கியைக் கேட்டு வாங்கி வந்து பார்த்தேன். பெரும்பகுதி வெறும் கறைதான். ஓர் ஓரத்தில் மட்டும் சின்னச் சின்ன உருண்டைகள் இருந்தன. அவற்றின் மேல் சம இடைவெளியில் மேடுகள் தெரிந்தன. இல்லை, தெரிந்ததாகத் தோன்றியது. லென்ஸைத் திருப்பினேன், மறைந்தது. மறுபடி திருப்பினேன், வந்தது.

வாழ்நாளில் பாதியைச் செம்பனை மகரந்தத்தோடு கழித்த உனக்கே, ஆசை கண்ணை மறைத்தது. நீ சொன்னது சரியாக இருக்கவேண்டும் என்று முதல்முறையாக ஆசைப்படுகிற என் கண்ணை நான் எப்படி நம்புவது? பக்கத்தில் இருந்திருந்தால் நீ சண்டை போட்டிருப்பாய். நான் எதிர்த்துப் பேசியே தெளிந்திருப்பேன். வேறு யாரிடமாவது காட்டலாம். அவர்கள் கறை என்று சொல்லிவிட்டால்?

ஒருமுறை வந்தது போதாது என்று நான்தான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் நேற்று நானே கலந்து புதிய தட்டொன்றை வைத்து, அதே கண்ணாடியால் மூடினேன். உன் கலவை அளவுகள் எனக்குச் சரியாக நினைவில்லை. முழுக்கத் தவறாகவும் இருக்கலாம். இந்த வாசத்தோடு நிற்கும்போதும் கை அந்த மூடியைத் தேடிப் போகிறது.

இன்னும் தொடவில்லை.