கடதாசியில் எலி, பிறப்பில் சேவல்

அன்புள்ள அக்கா,

இன்று காலை கடை திறக்க வந்தபோது, பக்கத்துக் கடைச் சீனக்காரர் சிவப்புத் தாளில் வெட்டிய குதிரையைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தார். குதிரை வருடம் பிறக்கிறது. பார்த்ததும் உங்கள் குரல் கேட்டது.

இதே நகரத்தின் பெல்வில் பகுதியில் ஒரு சீன உணவகத்தில் கோப்பை கழுவினீர்கள். அங்கே சமையற்காரர் சொன்ன கதைகளை, வேலை முடிந்ததும் நம் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலுக்கு வந்து என் புடைவைக் கடையில் அவிழ்ப்பீர்கள். சேலை பார்க்க வந்தவர்கள் அதை மடியில் போட்டபடி வாய் பிளந்து கேட்பார்கள். ஆற்றைக் கடந்து முதலில் வரும் பன்னிரண்டு மிருகங்களுக்கு ஆளுக்கொரு வருடம் என்று வானுலக அரசர் அறிவித்தாராம். எலி மாட்டின் முதுகில் ஏறி வந்து, கரையில் குதித்து முதலிடம் பிடித்ததாம்.

“நான் எலி வருசம். பிள்ளையாற்ற வாகனம். முதலாவதா வராமல் என்ன செய்யும்?” என்று நிமிர்ந்து நிற்பீர்கள்.

ஆண்டு முடிவில் ஊரைத் தின்ன வரும் நியன் என்ற பூதம் சிவப்புக்கும் வெடிச்சத்தத்துக்கும் பயந்து ஓடும் என்றீர்கள். “எங்கட தீபாவளி மாதிரியோ?” என்று ஒருத்தி கேட்டாள்.

“இல்லையடி. எங்கட அசுரன் ஒருக்காச் செத்தான், அலுவல் முடிஞ்சுது. இது வருசா வருசம் வரும்.”

பிறந்த மிருகத்தின் வருடம் திரும்பி வந்தால் அந்த ஆண்டு முழுக்கக் கண்டம், உள்ளே சிவப்பு உடுத்தால் தப்பலாம் என்றும் சொல்லியிருந்தீர்கள். அதனால்தான் சேவல் வருடம் பிறந்ததும் நீங்கள் வந்து, “பிள்ளை, சிவப்பில ரெண்டு உள்பாவாடை தா” என்று கிசுகிசுத்தபோது எனக்கு விளங்கவில்லை.

“அக்கா, நீங்கள் எலியெல்லோ? இது சேவல் வருசம்.”

வாசலை ஒருமுறை பார்த்தீர்கள். “சத்தம் போடாதை. நான் சேவல்தான். எலி கடதாசியில. என்னைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் மூண்டு வயசைக் குறைச்சுப் போட்டான். இளமையாக்கி விட்டான் எண்டு நானும் சந்தோசப்பட்டன். பென்சனுக்கு எழுதேக்கைதான் தெரிஞ்சுது, மூண்டு வருசம் கூடக் கோப்பை கழுவோணுமெண்டு!”

நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் பாவாடைகளைக் கைப்பையின் அடியில் திணித்துக்கொண்டீர்கள். இத்தனை வருடம் உங்கள் மகனுக்குக்கூடச் சொல்லாததை, ஒரு சேவலுக்குப் பயந்து என்னிடம் சொன்னீர்கள்.

மூன்று வருடம் கழித்து எலி வருடத்துக்கும் இரண்டு வாங்கினீர்கள். “மேல இருக்கிறவை கடதாசி பார்த்தால் என்ன செய்யிறது?”

இரண்டு கண்டமும் தாண்டினீர்கள். போனது எந்தச் சிவப்பும் தேவைப்படாத ஒரு வருடத்தில்.

மரண அறிவித்தலை என் கடைக் கண்ணாடியில் ஒட்டலாமா என்று கேட்க உங்கள் மகன் வந்தார். அச்சடிக்கும் முன் ஒருதரம் பார்க்கச் சொன்னார். பிறந்த ஆண்டு எலியாக இருந்தது. சொல்வதா விடுவதா என்று தவித்து, கடைசியில் சொல்லிவிட்டேன். அவர் தாளில் இருந்த ஆண்டைப் பேனையால் வெட்டினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“அப்ப அம்மா சேவலே? விடிய நாலு மணிக்கு எங்களை எழுப்பேக்கையே யோசிச்சிருக்கோணும்.”

சரியான ஆண்டே அச்சேறியது. “மனுசி மூண்டு வயசை மறைச்சுப்போட்டுது” என்று தெருவே பேசியது. அதற்குப் பிறகுதான் ஒவ்வொருத்தராக என் கடைக்கு வந்து, சேலையை விரிக்கச் சொல்லி, அதன் மறைவில் காதோடு சொல்லத் தொடங்கினார்கள்: “எனக்கும் கடதாசியில வேற வருசம்.”

இப்போது இந்தத் தெருவில் ஒரு புலி, இரண்டு முயல், ஒரு பன்றி யாருக்கும் தெரியாமல் நடமாடுகின்றன, அக்கா. எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.