யாருமில்லை என்று கத்தியது யார்

யாருமில்லை,
4 மார்ச் 2001

தம்பி எவேலியோவுக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். எனக்குத்தான் வயிறெரிகிறது. பாரன்கிலா நகர வானொலியில் நம் ஊருக்குப் பெயர் வந்த கதையைச் சொன்னாயே, கேட்டேன். துப்பாக்கிக்காரர்கள் படகில் வந்து, "உள்ள யாரு?" என்று கத்தினார்கள், சரி. ஊரே தரையில் படுத்தது, அதுவும் சரி. "இங்க யாருமில்ல!" என்று பதில் சொன்னது நீயா? ஆறு வயதில் கட்டிலுக்கடியில் கிடந்தவன் நீ. பயத்தில் வாய்தவறிக் கத்தியவள் நான். தன் ஆட்களே விழுந்து விழுந்து சிரித்ததில் அவர்களுடைய தலைவன் வெட்கி, படகைத் திருப்பினான். மறுவாரமே படகோட்டிகள், "யாருமில்லைல யாராச்சும் எறங்குறீங்களா?" என்று கேலி பேசினார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அது என் வார்த்தை. வானொலியில் திருத்திச் சொல்.

துப்பாக்கிக்காரர்களின் விசைப்படகுகள் மறுபடி வருகின்றன. தொலைபேசிக் கம்பியை அறுத்துவிட்டார்கள். பொழுது சாய்ந்தால் எவரும் அடுப்பு மூட்டுவதில்லை.

உன் அக்கா,
தொமித்திலா

பாரன்கிலா,
11 மார்ச் 2001

அன்புள்ள அக்கா,

தெரிந்துதான் பொய் சொன்னேன். அன்று தலைகுனிந்து போனவனின் பேரன்தான் இன்று அந்தப் படகுகளுக்குத் தலைவன். தாத்தாவைப் பார்த்து எல்லாரும் சிரிக்கும்படி செய்தது யாரென்று கரையெல்லாம் விசாரிக்கிறானாம். உன் வாயும் சும்மா இருக்காது. நான் தொலைவில் இருப்பவன், பழி என்மேலேயே இருக்கட்டும். திருத்த மாட்டேன். 23, வெள்ளிக்கிழமை படகில் உன்னை அழைத்துப்போக வருகிறேன். அடம்பிடிக்காமல் துணிகளைக் கட்டி வை.

உன்,
எவேலியோ

யாருமில்லை,
20 மார்ச் 2001

எவேலியோ கண்ணு,

வராதே. நேற்று மூன்று பேர் வந்தார்கள். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

"பாட்டி, ரேடியோல பேசின உங்க தம்பி எப்ப வர்றாரு?"

"அவன் என்னத்தக் கத்தினான்? கட்டிலுக்கடில ஒண்ணுக்குப் போயிட்டுக் கெடந்தான். கத்தினது நான்."

இரண்டு பேர் சிரித்தார்கள். சின்னவன் சிரிக்கவில்லை.

"தம்பியக் காப்பாத்தப் பாக்குறீங்க."

"கன்னிமேரி மேல சத்தியமா நான்தான்யா!"

"எல்லா அக்காவும் இப்படித்தான் சொல்லும். இனி வர்ற ஒவ்வொரு படகுலயும் ஏறிப் பாப்போம், போங்க."

அதே குரலில் கத்திக்கூடக் காட்டினேன். நம்பவில்லை. துறையில் இரண்டு பேரை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். வழியில் இது கிடைத்தால் எந்தத் துறையாக இருந்தாலும் இறங்கிவிடு.

இதைக் கொண்டுபோக வேண்டிய அஞ்சல் படகு இன்னும் வரவில்லை.

உன் அக்கா