பொருந்தாததை வட்டமிடு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மகளும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. கையெழுத்து கோணாமல் இருப்பதால் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நானாக முடிவு செய்துகொண்டேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெல்டிங் வைக்கிற பழக்கத்தை விட்டாயா இல்லையா? கண் போனால் வராது, சொல்லிவிட்டேன்.

நீ எழுதியிருந்த பள்ளியைப் பற்றி விசாரித்தேன். உண்மைதான். சொந்தமாக யோசிக்கிற பிள்ளைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், விடுதியும் உண்டு, நீ வேலை பார்க்கிற ஊரிலேயே இருக்கிறது. அவர்களே ஆள் அனுப்பி நேரில் பிள்ளைகளைப் பார்ப்பார்களாம். எங்கள் பள்ளிக்கு ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் வருவார்கள் என்று தலைமையாசிரியர் சொன்னார். இவளை எடுத்துக்கொண்டால் ஞாயிறுதோறும் நீ போய்ப் பார்க்கலாம். தொழிலாளர் கொட்டகையில் பிள்ளையை வைத்துக்கொள்ள விடமாட்டேன் என்கிறார்களே என்று நீ புலம்புவதும் நிற்கும். இவள் அம்மா போன பிறகு நீ என்னிடம் கேட்டிருக்கிற ஒரே காரியம் இது. முடித்துக் கொடுப்பது என் பொறுப்பு.

ஆனால் இப்போது இருக்கிற நிலையில் இவளை யார் முன்னாலும் நிறுத்த முடியாது. கோபித்துக்கொள்ளாமல் கேள். போன வாரத் தேர்வில் 'பொருந்தாததை வட்டமிடு' என்று ஒரு கேள்வி. பசு, காகம், நாய், பூனை. வகுப்பே காகத்தை வட்டமிட்டிருக்கிறது. உன் மகள் பசுவை வட்டமிட்டு வைத்திருக்கிறாள். ஏனடி என்றால், "மத்த மூணும் கூப்பிடாமலே வீட்டுக்கு வரும் டீச்சர். பசுவை மட்டும் யாராவது ஓட்டிட்டு வரணும்" என்கிறாள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. வீடு வரையச் சொன்னால் ஒரு கட்டம், அதற்குள் ஒரு வட்டம், அவ்வளவுதான். கேட்டால் மேலேயிருந்து பார்க்கிற வீடாம், வட்டம் தண்ணீர்த் தொட்டியாம். ஓவிய ஆசிரியர் சைபர் போட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்றியிருப்பார். சொல்லவில்லை. தம்பி மகளுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒருவரும் நாக்கின் மேல் பல்லைப் போட்டுப் பேசக்கூடாது பார். அதனால்தான் மற்றப் பிள்ளைகளுக்கு ஓர் அடி என்றால் இவளுக்கு இரண்டு.

பள்ளியில் டீச்சர் என்றும் வீட்டில் அத்தை என்றும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். முந்தாநாள் திரும்பி வரும்போது கேட்கிறாள், "வழியில எந்த இடத்துல நீங்க அத்தையா மாறுவீங்க? பால் கடைகிட்டயா, மருந்துக் கடைகிட்டயா?" வாயை மூடிக்கொண்டு நட என்றேன். எல்லாம் உன்னிடமிருந்து வந்த வாய்தான்.

கவலைப்படாதே. எத்தனையோ மண்டூகங்களைக் கரையேற்றியவள் நான். விடுதிப் பள்ளிக்காரர்கள் வருவதற்குள் இவளைத் தயார் செய்துவிடுவேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் நன்மையை நினைக்கும்,
அக்கா


அன்புள்ள தம்பிக்கு,

உன் மகள் உன்னிடம் புகார் சொல்லிக் கடிதம் எழுதினாளாமே. அவள் எழுதியதை அப்படியே நம்பிக்கொண்டு என்மேல் பாய்ந்திருக்கிறாய். நடந்தது என்னவென்று நான் சொல்கிறேன், பிறகு நீயே நியாயம் சொல்.

இங்கே மழை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வகுப்பில் கூரைத் தகடு வெடித்து, மூன்றாவது பெஞ்சின் மேல் ஒழுகிக்கொண்டே இருந்தது. வாளி வைத்தால் தெறிக்கிறது, பெஞ்சை நகர்த்த இடமில்லை. நான் மழைக்காலம் பற்றிய கட்டுரையைப் பலகையில் எழுதிப்போட்டு, பார்த்து எழுதச் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இந்த மகாராணி பெஞ்சுக்கு மேல் பெஞ்சு போட்டு ஏறி நிற்கிறாள். தையல் டீச்சருடைய கம்பளி நூலை எடுத்து, ஒழுகுகிற இடத்து ஆணியில் கட்டி, மறுமுனையைச் சரிவாக ஜன்னல் கம்பிக்கு இழுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள். கீழே நாலைந்து பேர் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். கட்டுரையில் ஒரு வரி எழுதவில்லை. கேட்டேன். "நூலை நனைச்சுட்டுக் கட்டினாத்தான் தண்ணி வழி கண்டுபிடிச்சு வெளிய போகும் டீச்சர்" என்று எனக்கே பாடம் நடத்துகிறாள். விழுந்து காலை உடைத்துக்கொண்டிருந்தால் உனக்கு நான் என்ன பதில் சொல்வது? அடித்தேன். கேட்காமல் நூல் எடுத்ததற்கு ஒன்று, கட்டுரை எழுதாததற்கு ஒன்று, ஏறியதற்கு ஒன்று. சாயங்காலம்வரை வராந்தாவில் முட்டி போட வைத்தேன். வராந்தாவில் சாரல் அடிக்கும் என்பது எனக்கு நினைவில்லை. அந்தச் சளிதான், வேறொன்றும் இல்லை.

நூலை அவிழ்க்க அன்று நேரமில்லை. மறுநாள் வந்தால் பெஞ்சு காய்ந்திருந்தது. தண்ணீர் சத்தமில்லாமல் நூல் வழியே ஓடி ஜன்னலுக்கு வெளியே போகிறது. தலைமையாசிரியர் பார்த்துவிட்டு, ஒழுகுகிற வகுப்புகளிலெல்லாம் இப்படிக் கட்டச் சொல்லி, ஆசிரியர் கூட்டத்தில் என்னைப் பாராட்டினார். எல்லோரும் கை தட்டும்போது எழுந்து நின்று, அது என் தம்பி மகள் குறும்பு என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? சொன்னால் அவளுக்குத்தான் கொம்பு முளைக்கும்.

முளைத்தும்விட்டது. காலை வணக்கத்தில் தலைமையாசிரியர் என் பெயரைச் சொன்னதும், வரிசையிலிருந்து இவள், "அது நான் கட்டினது!" என்று கத்துகிறாள். பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது. என் நிலைமையை நினைத்துப் பார். யார் கட்டினார்கள் என்பதா முக்கியம்? பெரியவர்களை முந்திக்கொண்டு பேசலாமா? இதற்கு ஒரு வழி செய்திருக்கிறேன். தினமும் காலையில் வகுப்பு முன்னால் நின்று, "நான் கட்டவில்லை. டீச்சர்தான் கட்டினார்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். முதல் நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நானும் பிடிவாதக்காரிதான். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் சொல்லிவிட்டாள்.

சளிக்கு மருந்து கொடுத்துவருகிறேன். ராத்திரி என் பக்கத்தில்தான் படுக்க வைக்கிறேன். நான் அவளுக்கு எதிரி இல்லை.

இப்படிக்கு,
அக்கா


அன்புத் தம்பிக்கு,

சந்தோஷமான செய்தி. உன் மகள் வகுப்பில் முதலாவதாக வந்திருக்கிறாள். படித்துவிட்டு நீ துள்ளிக் குதிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

முகமே மாறிவிட்டது. கேள்வி கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். வீட்டிலும் டீச்சர் என்றே கூப்பிடுகிறாள், நானும் திருத்தவில்லை, மரியாதைதானே. தண்ணீர் குடிக்கக்கூட என்னைக் கேட்டுவிட்டுத்தான் போகிறாள். காலையில் சொல்ல வேண்டியதை நான் ஞாபகப்படுத்தாமலே முன்னால் வந்து சொல்லிவிட்டுப் போய் உட்காருகிறாள். முன்பெல்லாம் சொல்லும்போது கண் கலங்கும், இப்போது அதுவும் இல்லை.

விடுதிப் பள்ளிக்கும் ஏற்பாடு ஜோராக நடக்கிறது. அவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று அங்கே இங்கே விசாரித்து, நானே கேள்விகளும் விடைகளும் தயாரித்து ஒப்பிக்கச் சொல்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். எந்தக் கேள்விக்கும் இரண்டு விடை சொல்லக்கூடாது என்று கண்டித்து வைத்திருக்கிறேன். நீ போர்வை, தட்டு, பெட்டி எல்லாம் பார்த்து வை.

அன்புடன்,
அக்கா


தம்பிக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. பதில் எழுத உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து இன்றைக்குத்தான் முடிந்தது. திட்டுவதாக இருந்தாலும் முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

விடுதிப் பள்ளியிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்தது ஒரு சின்ன வயதுப் பெண்தான். தோளில் துணிப்பை, கையில் ஒரு தாள்கூட இல்லை. நான் உன் மகளை முதல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தேன். அந்தப் பெண் வந்ததும், "நாற்காலியே இல்லாத ஊர்ல ஜனங்க எப்படிக் காத்திருப்பாங்க?" என்று கேட்டாள். நான் தயாரித்ததில் அப்படி ஒரு கேள்வி இல்லை. இவள் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "பாடத்துல இல்லாத கேள்வி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசி பெஞ்சுத் தூங்குமூஞ்சி ஒன்று, "ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சுக்குவாங்க" என்றது. அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

அப்போதுதான் அவள் அண்ணாந்து நூலைப் பார்த்தாள். யார் செய்தது என்றாள். தலைமையாசிரியர் என்னைக் காட்டினார். "பெரியவங்களுக்கு இப்படித் தோணாதுங்க. எந்தப் பிள்ளைன்னு சொல்லுங்க, அந்தப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன்" என்றாள். தம்பி, இதை மட்டும் நீ மறக்கக்கூடாது. தலைமையாசிரியர் முன்னால், சக ஆசிரியர்கள் முன்னால், மானம் போனால் போகட்டும் என்று நான் சொன்னேன். நூலை நனைத்துக் கட்டியது இவள்தான், என் தம்பி மகள்தான் என்று சொன்னேன்.

அந்தப் பெண் இவள் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "கண்ணு, நூலை எதுக்கு நனைச்சுக் கட்டினே?" என்றாள். இவள் என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வகுப்பு முன்னால் போய் நின்றாள். "நான் கட்டவில்லை. டீச்சர்தான் கட்டினார்கள்" என்றாள். பயப்படாமல் சொல் என்றாள் அந்தப் பெண். மறுபடியும் அதே வார்த்தை, அதே ராகம். எனக்குப் பொறுக்கவில்லை. "சொல்லுடி, நீதானே கட்டினே!" என்று கத்திவிட்டேன். உன் மகள் உள்ளங்கையை விரித்து என் முன்னால் நீட்டினாள்.

அந்தப் பெண் எழுந்து என்னைப் பார்த்தாள். தூங்குமூஞ்சியைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் என்ன தப்பு செய்தேன் என்று நீ நினைக்கிறாயோ தெரியவில்லை. அடங்காத பிள்ளையை அடக்கினேன். முதலாவதாக வர வைத்தேன். எந்த வீட்டிலும் செய்வதைத்தான் செய்தேன். அந்த நீட்டிய கையை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன், அடிக்கவில்லை.

இனி உன்னிடம் ஓர் உதவி. அப்பாவுக்கு நீயும் ரெண்டு வரி எழுது என்று இப்போதுதான் அவளிடம் சொன்னேன். என்ன எழுதணும் என்றாள். உனக்கு என்ன தோணுதோ எழுது என்றேன். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தாளையே பார்த்தபடி இருந்தாள். பிறகு, "நீங்க எழுதிப் போடுங்க, பாத்து எழுதுறேன்" என்றாள். என்ன எழுதிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி. மகள் என்ன எழுதினால் உன் மனம் குளிருமோ, அதை நீயே எழுதி அனுப்பிவிடு. ஒரு பிழையில்லாமல் பார்த்து எழுதிவிடுவாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அக்கா