ஓடைக்கு வந்த சீர்

மதினி, இன்று காலை மேற்கிலிருந்து வந்த காற்றில் மண் நனைந்த வாசம் இருந்தது. இங்கே கடற்கரையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. உங்கள் தாய் ஊரில் பெய்கிறது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து சில வருடங்களில் என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு, திருவாடானைப் பக்கத்திலிருந்து உப்பூர்க் கரைக்கு வந்தீர்கள். தலைப்பொங்கலுக்குத் தாய்வீட்டுப் பானைகூட வரவில்லை என்று அம்மா ஓயாமல் குத்திக்காட்டுவாள்.

முதல் கோடையில் உங்களை ஓடைக்கு அழைத்துப் போனேன். காய்ந்த மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் நல்ல தண்ணீர். அதற்குக் கீழே உப்பு. நீங்களோ நிறையத் தண்ணீர் கிடைக்கட்டும் என்று இடுப்பளவு தோண்டிக் குடம் முழுக்க உப்பை மொண்டீர்கள். விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்கள் குழியையே வாய் பிளந்து பார்த்தீர்கள். உப்புக்கு மேலே இதை யார் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள் என்று கேட்டீர்கள். பிறந்தது முதல் குடித்த எனக்கு அது தோன்றியதே இல்லை.

பிறகொரு கோடையில் முழங்கை ஆழத்திலேயே உப்பு ஏறிவிட்டது. ஊரைக் காலி செய்வதா என்று பேச்சு கிளம்பியது. நீங்கள் ஓடையைப் பிடித்து மேற்கே நடந்தீர்கள். நானும் கூடவே வந்தேன். அடேயப்பா, அது போய் நின்ற இடம் உங்கள் ஊர்க் கண்மாய்! அது நிரம்பி வழிந்த தண்ணீர்தான் இத்தனை தூரம் மணலுக்குள் நடந்து நம் குடத்துக்கு வந்திருக்கிறது. கண்மாய்க்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து கிடந்தது. வயல்கள் தரிசு. உங்கள் அய்யாவால் ஏன் சீர் அனுப்ப முடியவில்லை என்பதும் அன்றுதான் விளங்கியது.

அடுத்த வாரம் நம் ஊர்ப் பெண்கள் மண்வெட்டியும் கூடையுமாய் அங்கே போய் இறங்கினோம்.

"இங்கன ஒரு குழி நெலம் இல்லாதவுகளுக்கு இந்தக் கம்மாயில என்னத்தா வேலை?" என்று கேட்டார் அய்யா.

"எங்க ஊத்து இங்கனதான்யா இருக்கு" என்றீர்கள்.

அவர் தன் மண்வெட்டியை எடுத்துவந்தார்.

அந்த ஐப்பசியில் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. நுரையும் சருகுமாய் ஓடை வந்ததைப் பார்க்க ஊரே கரையில் நின்றது. கோடையில் முதல் சிரட்டைத் தண்ணீரை அம்மாவிடம் நீட்டி, "குடிங்கத்தே, எங்க வீட்டுச் சீரு" என்றீர்கள். குடித்தவள், அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வரத்துக்கால் வெட்ட இப்போது என் மருமகள்கள் போகிறார்கள். நீங்கள் போய்விட்டீர்கள் மதினி; உங்கள் வீட்டுச் சீர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.