பீங்கான் வாத்து

அன்புள்ள அப்பாவுக்கு,

பெங்களூரிலிருந்து வெண்பா. நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? சூளை வேலை முடிந்த சூட்டோடு பச்சைத் தண்ணீரில் குளிக்காதீர்கள்.

டிவி செய்தி பார்த்துப் பயந்திருப்பீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டைச் சட்டம் தடுத்ததும், எங்கள் போக்கர் சீட்டாட்டக் கம்பெனியில் பாதிப் பேரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஆடுகிறவர்களிடம் போனில் தமிழில் பேச ஆள் வேண்டுமென்று என்னை வைத்துக்கொண்டார்கள். இப்போது எங்கள் ஆப்பில் காசில்லாத ஆட்டம் மட்டும்தான். ஆட வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். சேத்தியாத்தோப்புக்காரர் ஒருவர் போனில், "உப்பு போடாத கூழு மாரி இருக்குதும்மா" என்று சலித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

போகிறவர்களுக்காக ஒருநாள் நிஜச் சீட்டுக்கட்டு வாங்கி ஆடினோம். திரையிலேயே சீட்டைப் பார்த்துப் பழகிய எங்களில் ஒருவருக்கும் கலைக்கத் தெரியவில்லை. எல்லாம் தரையில் கொட்டின! காசுக்குப் பதில் மேசையில் இருந்த பொருளைப் பந்தயம் வைத்தோம். நீங்கள் செய்துகொடுத்த பீங்கான் வாத்தை நான் வைத்தேன். வேலை போன பக்கத்து மேசை லீமா ஜெயித்தாள். "வேணாம்டி, அப்பா குடுத்ததாச்சே" என்று நீட்டினாள். நான் வாங்கவில்லை.

இனி யாராவது, "பொண்ணு சூதாட்டக் கம்பெனியிலயா இருக்குது?" என்றால், இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

மாமா வரும்போது இட்லிப்பொடி கொடுத்துவிடுங்கள். வாத்தும் வேண்டும், கழுத்து கோணினதாக இருந்தாலும் சரி. ஆபீஸ் கேப் வந்துவிட்டது, முடிக்கிறேன். வாத்து ஒன்று போதாது அப்பா, இரண்டாக அனுப்புங்கள். பக்கத்து மேசையும் காலியாகத்தான் கிடக்கிறது.

உங்கள்
வெண்பா