பாதி ஜெபம்

சைப்ரஸ் ஃபோர்க், ஜார்ஜியா
2 ஜூலை 2018

அன்புள்ள மேபெத்,

நீ அனுப்பிய பீச் பழங்கள் வந்து சேர்ந்தன. பாதியை நான் தின்றேன். மீதியைச் சபைப் பெண்கள் என் சமையலறைக்குள் புகுந்து காலி செய்துவிட்டார்கள். அவர்களுடைய ஆசீர்வாதமும் என் அன்பும் உனக்கு. "ஒரே மாவட்டத்துல இருந்துக்கிட்டு எதுக்கும்மா லெட்டர், போன்ல பேசுனா என்ன?" என்று என் மகள் இன்றும் கேட்டாள். போனில் நாம் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவோம், ஒருத்தி சொன்னது மற்றவள் காதில் விழாது என்றேன். பக்கத்துப் பக்கத்து வகுப்பில் பாடம் நடத்திய காலத்திலிருந்தே நாம் அப்படித்தானே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தேர்தல் வாரியத்திலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. பன்னிரண்டாம் தேதிக் கூட்டத்தை நான் ஜெபம் செய்து தொடங்கிவைக்க வேண்டுமாம். இத்தனை வருஷமும் வெள்ளைக்காரச் சபைப் போதகர்களே மாறி மாறிச் செய்த வேலை. கறுப்பர் சபையிலிருந்து, அதுவும் ஒரு பெண், நான்தான் முதல். சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், அதே கூட்டத்தில்தான் எங்கள் ஆலயக் கூடத்து வாக்குச்சாவடியை மூடுவதா என்று முடிவெடுக்கப் போகிறீர்கள். கூப்பிட்டுவைத்துக் குட்டுவது என்பது இதுதான்.

சாவடி போனால் எங்கள் ஆட்கள் உங்கள் டன்மோருக்குப் பதினெட்டு மைல் வர வேண்டும். பஸ் கிடையாது. சக்கர நாற்காலியில் இருக்கிறவர்களும் கோழிப் பண்ணையில் ஷிஃப்ட் பார்க்கிறவர்களும் வருவார்களா? வர மாட்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாங்கள் சபை வேனில் ஜனங்களை ஓட்டுப் போட அழைத்துப் போகிறோமாம், அதனால் எங்கள் கூடம் அரசியல் கூடமாகிவிட்டதாம். உங்கள் தலைவர் ராய்ஸ் ஹேடாக் சொல்கிறார். உன் மெதடிஸ்ட் சபைக் கூடத்திலும்தான் சாவடி இருக்கிறது. அது மட்டும் கோயில் இல்லையா? ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு.

வாரியத்தில் மூன்று பேர், அதில் நீ ஒருத்தி. எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று உன்னிடம் நான் சொல்ல மாட்டேன். சொல்லாமல் சொல்லியாகிவிட்டது.

உன்,
வெர்னெல் டாலிவர்


டன்மோர்
5 ஜூலை 2018

மதிப்பிற்குரிய போதகரே,

இப்படி அழைத்தால் உனக்கு உச்சி குளிரும் என்று தெரியும். ஜெபத்துக்கு உன் பெயரைச் சொன்னதே நான்தான், தெரியுமா? நீ அந்த அறையில் எழுந்து நிற்பதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

சாவடி விஷயத்தில் என் நிலைமையையும் கொஞ்சம் யோசி. ராய்ஸ் என் சபையில் எனக்கு முன் வரிசைக்காரர். அவர் மனைவி என் ஞாயிறு வேத வகுப்பில் இருக்கிறாள். என் கணவர் ஹாரிஸ் இறந்த பிறகு எனக்கு வீடு, வாசல், சொந்தம் எல்லாமே அந்த வகுப்புப் பெண்கள்தான். உங்கள் கூடத்துச் சக்கர நாற்காலிச் சாய்வுப்பாதையும் விதிப்படி இல்லை, செங்குத்தாக இருக்கிறது. நல்ல மனதோடு கேட்டு முடிவு செய்வேன் என்பதற்கு மேல் இப்போது எதுவும் சொல்ல முடியாது.

சால்வை கொண்டுவா. அந்த அறை ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும்.

என்றும் உன்,
மேபெத் காத்தன்


சைப்ரஸ் ஃபோர்க்
13 ஜூலை 2018

மேபெத்,

'அன்புள்ள' என்று எழுத இன்று கை வரவில்லை.

எங்கள் சபையில் ஜெபம் ஒருத்தி தனியாகச் செய்கிற காரியம் இல்லை. நான் ஒரு வரி சொல்லி நிறுத்துவேன். ஜனங்கள் "ஆமா, ஆண்டவரே" என்பார்கள். அப்புறம்தான் அடுத்த வரி வரும். இது உனக்குத் தெரியாதா? என் வீட்டுக்காரர் அடக்கத்தன்று எங்கள் சபையில் உட்கார்ந்து அழுதுகொண்டே நீயும் சொன்னவள்தானே.

நேற்று, "எங்க முதியவங்களோட கால்களை நினைச்சுப் பாரும், ஆண்டவரே" என்று சொல்லி நிறுத்தினேன். அந்த அறையில் ஒருவர் வாய் திறக்கவில்லை. புதிய இடம், வெட்கப்படுகிறார்கள் என்று காத்திருந்தேன். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் எங்கள் ஆட்கள் எப்படி வருவார்கள்? வாரியத்தில் எங்கள் ஆள் லூஷியஸ் பீஸ்லி ஒருவர். அடக்கம் நடத்துகிற தொழில்காரர். ஒரு அடக்கத்தை முடித்துவிட்டு வர அவருக்கும் நேரமாகிவிட்டது. உங்கள் ராய்ஸ், "ஆமென். ரொம்ப நன்றிங்கம்மா. எல்லாரும் உக்காருங்க" என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டினார். சாவடியைப் பற்றி ஆண்டவரிடம் நான் இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. திறந்த வாயோடு நின்றேன்.

அவர் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்ல மாட்டேன். நான் முடித்துவிட்டேன் என்று நினைத்தார், அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். உன் வாயில் என்ன, பீச் பழமா இருந்தது?

அதையாவது பொறுத்துக்கொள்வேன். அப்புறம் சாவடியை மூடக் கை தூக்கினாயே. லூஷியஸ் ஒருவர் எதிராக, நீயும் ராய்ஸும் ஆதரவாக. நாலு மூட்டை சிமெண்டில் முடிகிற வேலையைக் காரணம் காட்டி ஒரு ஊரின் ஓட்டையே மூடினாய். என் ஜனங்களிடம் போய் என்ன சொல்வேன்?

பதில் எழுத வேண்டாம்.

வெர்னெல்


டன்மோர்
16 ஜூலை 2018

வெர்னெல்,

வேண்டாம் என்றாய், எழுதுகிறேன். படிக்காமல் கிழித்தாலும் கிழி.

ஆமாம், நீ முடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். "ஆமா, ஆண்டவரே" தொண்டை வரை வந்தது. ராய்ஸின் மனைவி எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கிவிட்டேன். வாய் திறக்கப் பயந்தவளுக்கு அடுத்த அரைமணியில் கை தூக்குவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. சாய்வுப்பாதை ஒரு சாக்கு. நீ திட்டியது போதாது.

ஆனால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. எங்கள் வாரிய விதிப்படி, எடுத்த முடிவை மறுபடி பரிசீலிக்கச் சொல்ல, அதற்கு ஆதரவாகக் கை தூக்கியவருக்குத்தான் உரிமை. எதிர்த்த லூஷியஸ் கேட்க முடியாது. ராய்ஸ் கேட்க மாட்டார். மிச்சம் நான்தான். இருபத்தாறாம் தேதி கேட்கப் போகிறேன். கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மாற்றவைத்துவிட்டேன்.

உன்னை வரச் சொல்ல எனக்கு முகமில்லை. உன் ஜனங்களையாவது அனுப்பு.

மேபெத்


சைப்ரஸ் ஃபோர்க்
1 ஆகஸ்ட் 2018

என் அன்பு மேபெத்,

நீயே அங்கே இருந்தாய், ஆனாலும் நான் பார்த்ததை எழுதினால்தான் என் மனம் ஆறும். உன் முகத்தைப் பார்ப்பதில்லை என்ற வைராக்கியத்தோடுதான் வந்து அறையின் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நீ எழுந்தாய்.

"போன கூட்டத்துல ஜெபம் முடியல. பாதியில நிறுத்துனது நாமதான். ரெவரெண்ட் டாலிவர் முடிச்சப்புறம்தான் நான் பேசுவேன்."

"மேபெத், நடைமுறையில அப்படியெல்லாம் இல்லை" என்றார் ராய்ஸ்.

"ஜெபம் பண்ணிட்டுத்தான் கூட்டம் ஆரம்பிக்கணும்கிறது நம்ம நடைமுறைதானே ராய்ஸ்? அவங்க முடிக்கிற வரைக்கும் நான் உக்காரப் போறதில்லை. முட்டி வேற வலிக்குது, பாத்துக்கோ."

லூஷியஸ் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்தார். நான் முன்னால் வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். "எங்க முதியவங்களோட கால்களை நினைச்சுப் பாரும், ஆண்டவரே." நிறுத்தினேன். எங்கள் ஆட்கள் வாயெடுக்கும் முன்னால் உன் குரல் வந்தது. தனியாக, கரகரவென்று. "ஆமா, ஆண்டவரே." அதற்குப் பிறகு நான் என்ன ஜெபித்தேன் என்று எனக்கே நினைவில்லை. அழுதுகொண்டே முடித்தேன். நீ எனக்குச் செய்த நன்மைகள் எத்தனையோ உண்டு. அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து அன்றுதான் உனக்கு நன்றி சொல்லத் தோன்றியது. நன்றி, மேபெத்.

சாவடியை மூட வேண்டாம் என்று நீயும் லூஷியஸும் கை தூக்கினீர்கள். நவம்பர் தேர்தலில் எங்கள் சாவடி திறந்திருக்கும். சபை ஆண்கள் சனிக்கிழமையே சிமெண்ட் கலந்து சாய்வுப்பாதையைச் சரிசெய்துவிட்டார்கள். திங்கட்கிழமை ராய்ஸே வந்து அளந்து பார்த்து, "இப்ப சரியா இருக்கு" என்றார். அவருக்கும் நன்றி சொன்னேன். சுலபமாக வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

ஒன்றை மட்டும் நீ எனக்கு எழுதவில்லை. உன் பக்கத்து வீட்டுக்காரி தபாலாபீசில் சொல்லித்தான் தெரியும். போன ஞாயிறு உன் வேத வகுப்புப் பெண்கள் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார்களாம். ஆராதனை முடியும் வரை நீ தனியாக உட்கார்ந்திருந்தாயாம். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அவங்களை இங்க கூட்டிட்டு வாங்க, நம்ம சபையில இடமா இல்லை?" என்கிறார்கள் எங்கள் பெண்கள். நான் மாட்டேன் என்றேன். நீ ஞானஸ்நானம் வாங்கியது, கல்யாணம் கட்டியது, ஹாரிஸை வழியனுப்பியது எல்லாம் அந்தக் கோயிலில். அங்கிருந்து உன்னை யாரும் கிளப்பக் கூடாது, அன்பினால்கூட.

வரும் ஞாயிறு எங்கள் பிரசங்கத்தை உதவிப் போதகரிடம் ஒப்படைத்துவிட்டேன். காய்ச்சலில் படுத்த நாள் தவிர நான் பிரசங்க பீடத்தை விட்டுக்கொடுத்ததில்லை. உன் ஆராதனை தொடங்கும் முன்னால் வந்துவிடுவேன். உன் பக்கத்தில்தான் உட்காரப் போகிறேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, உன்னிடமும்தான்.

இடம் பிடித்துவைக்கிற வேலை உனக்கில்லை. வரிசை முழுவதும் காலியாகத்தானே இருக்கிறது.

உன்,
வெர்னெல்