மீன் நன்றாகச் சாப்பிடுகிறது

பிப்ரவரி 4
அப்பாவை லேவார்டன் மருத்துவமனையில் விட்டுவிட்டு ஹார்லிங்கன் வீட்டுக்கு வந்தேன். நாளை குடலில் இருக்கும் கட்டியை எடுக்கிறார்கள். கட்டியைவிட, ஜன்னலோரத் தொட்டியில் வளர்க்கும் மாண்டரின் என்ற கடல்மீனைப் பற்றித்தான் அதிகம் பேசினார். விரல் நீளம், நீல உடம்பு, அதில் யாரோ அலுக்காமல் கிறுக்கிய ஆரஞ்சுக் கோடுகள்.

"நீ தீனி எதுவும் போட வேணாம் மிங்கே. அது நாள் பூரா கல்லைக் கொத்திக்கிட்டே இருக்கும். வத்துற அளவுக்குத் தண்ணி மட்டும் ஊத்து, போதும்."

பிப்ரவரி 8
அறுவை சிகிச்சை முடிந்தது. காய்ச்சல் விடவில்லை, அதனால் உடனே அனுப்ப மாட்டார்களாம்.

எதிர்வீட்டு வில்மா எங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா இல்லேன்னதும் தொட்டி பாசி பிடிச்சுக் கிடக்கே. தெருவுல போறவங்க என்ன நினைப்பாங்க?" திரை போடாத ஜன்னல். எனக்கும் கூச்சமாக இருந்தது. கல்லை எல்லாம் எடுத்துக் குழாயின் வெந்நீரில் தேய்த்துக் கழுவினேன்.

பிப்ரவரி 9
தொட்டி பளிச்சென்று இருக்கிறது.

பிப்ரவரி 13
மீன் கல்லுக்குக் கல் போகிறது. உற்றுப் பார்க்கிறது, கொத்தாமல் நகர்கிறது. சந்தேகம் வந்து அப்பாவின் புத்தகங்களைப் புரட்டினேன். கல்லிடுக்கில் ஊரும் பொடி உயிர்கள்தான் அதற்கு உணவு. உயிரோடு இருந்தால்தான் தின்னும். உப்பில்லாத தண்ணீர் பட்டாலே அவை செத்துவிடும். மறுபடி பெருக மாதங்கள் ஆகும்.

அதன் சாப்பாட்டை எல்லாம் நான் சாக்கடையில் விட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 17
கடையில் வாங்கிய, உறைய வைத்த தீனி அடியில் கிடந்து அழுகுகிறது. தொலைபேசியில் அப்பா கேட்டார். "நல்லா சாப்பிடுதுப்பா," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மேல வந்து தீனியைக் கவ்வுது."

"மேல வந்தா?" என்று கேட்டார். பிறகு, "அப்படியா. நல்லது." தன் மீன்வளர்ப்பு நண்பரின் பேச்சை எடுத்தார்: "டர்க் வந்திருந்தான். அவனோடது பதினோரு வருஷத் தொட்டி, கல்லெல்லாம் பூச்சியா நெளியுதாம். உனக்கு ஏதாச்சும் வேணும்னா அவனைக் கேளும்மா."

"ஒண்ணும் வேணாம்ப்பா."

பிப்ரவரி 21
வயிறு ஒட்டி உள்ளே போய்விட்டது. மேலிருந்து பார்த்தால் தலையும் வாலும்தான். நிறம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

டர்க்கிடம் கொண்டுபோனால் பிழைக்கும். ஆனால் டர்க் நேரே அப்பாவின் கட்டிலுக்குப் போய்ச் சொல்லிவிடுவார். அப்பா மனசு நோகக் கூடாதென்று தாதி சொன்னாளா? இல்லை, நானேதான் சொல்லிக்கொண்டேனா?

பிப்ரவரி 25
அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று காலையில் முடிவெடுத்தேன். டர்க்கிடம் கொண்டுபோக வாளியில் உப்புநீர் கலந்து, மீனைத் தேடினேன். தொட்டிக் குழாய்க்குப் பின்னால் ஒருக்களித்துக் கிடந்தது.

பிப்ரவரி 27
அப்பா வந்துவிட்டார். கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டியின் முன் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டினேன் — வில்மா, வெந்நீர், பொய்.

"தெரியும்," என்றார். "அந்த மீன் மேல வந்து கவ்வாதும்மா. நீ சொன்ன அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏம்ப்பா கேக்கல? டர்க்கை அனுப்பியிருக்கலாமே!"

"உன்னைச் சங்கடப்படுத்த வேணாம்னு பார்த்தேன். நாளைக்கு நீயே சொல்லுவேன்னு நினைச்சேன். மறுநாளும் அதையேதான் நினைச்சேன்."

எட்டு நாள். இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் நாசூக்காக இருந்தோம். அதற்குள் அது பட்டினியில் செத்தது.

மார்ச் 12
கட்டியின் பரிசோதனை முடிவு தபாலில் வந்தது. அப்பா நின்றபடியே படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"எல்லாம் நல்லபடியாத்தான் இருக்கு மிங்கே. காபி போடட்டுமா?"

'நல்லது' என்று வாய்வரை வந்துவிட்டது. கையை நீட்டினேன். "குடுங்கப்பா."

கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பொத்தானைக் கழற்றினார்.